மண்ணுக்குள் போகாத மட்டிகள்

எண்பதுகளின் நடுவில் ஆக்லாந்தில் ஓர் ஆய்வுகூடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அங்கே கழிமுகச் சேற்றைப் பரிசோதித்தவர் ஒரு மலேசியத் தமிழர். நெடிய, மெலிந்த மனிதர். நகக்கண்களில் எப்போதும் கறுப்பு அப்பியிருக்கும். வாளியில் வரும் சேற்றைத் தட்டில் பரப்பி, கடல்நீர் விட்டு, உயிருள்ள மட்டிச் சிப்பிகளை அதன்மேல் வைப்பார். பிறகு கையில் மணிக்கூட்டுடன் அசையாமல் உட்கார்ந்திருப்பார். நல்ல சேறென்றால் மட்டிகள் சற்று நேரத்திலேயே உள்ளே புதைந்துவிடும்.

ஒரு நாள், தொழிற்சாலை ஒன்றின் கழிவு விழும் இடத்திலிருந்து சேறு வந்தது. மாலைவரை ஒரு மட்டிகூட உள்ளே போகவில்லை. மேலதிகாரி வந்து, எதுவும் சாகவில்லை என்று மட்டும் அறிக்கையில் எழுதச் சொன்னார். இவர் மறுத்துவிட்டார்.

"உண்மையா ஒண்டும் சாகேல்லைத்தானே அண்ணை? அப்பிடியே எழுதினால் என்ன?" என்று கேட்டேன்.

"ஆமா தம்பி, சாகல. ஆனா மேலயே கிடக்குற மட்டிய கடல்பறவை கொத்திட்டுப் போயிடும். அந்தச் சேத்துக்குள்ள போறதைவிட அதுவே மேல்னு கிடக்குதுங்க. அதையும் எழுதணும்ல?"

எழுதினார். அடுத்த மாதம் முடிந்த அவருடைய வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. நடந்ததெல்லாம் தெரிந்திருந்தும் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எனக்கு விசாப் பயம். அவருடைய விசாவும் அந்த வேலையைத்தான் நம்பியிருந்தது என்பது, அவர் நாட்டைவிட்டுப் போன பிறகே எனக்குத் தெரிந்தது.