பாண்காரரின் மகன் ஓடுகிறான்

ஒக்லாந்தின் பிளாட் புஷ்ஷில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள சூப்பர் மார்க்கெட்டில் காலை பதினொரு மணியளவில் பாண், அதுதான் பிரெட், சுட்டு இறக்குவார்கள். சென்ற சனிக்கிழமை பால் வாங்கப் போனவன் அந்த வாசத்தில் அப்படியே நின்றுவிட்டேன். சூடான பாண் வாசம் வந்தால் மற்றவர்களுக்குப் பட்டர் ஞாபகம் வரும், சம்பல் ஞாபகம் வரும். எனக்கு வானொலிக் கிரிக்கெட் வர்ணனை ஞாபகம் வரும். தள்ளுவண்டியோடு முன்னே போன மனைவி திரும்பி வந்து, "என்னப்பா, பாண் வேணுமோ?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவளுக்கு விளங்கிவிட்டது. "யோகன் அண்ணையோ?" என்றாள்.

உங்களுக்கு இது விசர்க் கதையாகப் படும். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

ஒக்லாந்துக்கு வந்த புதிதில் எனக்கு ஒடாஹுஹுவில் ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வெட்டிய பாண் பையில் விழுந்து வரும். எடுத்துத் தட்டில் அடுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஊரில் கணக்குப் பரிசோதகனாக இருந்த எனக்கு இதைப் பழக ஒரு கிழமை எடுத்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள், பாண் நசுங்காமல் அடுக்குவதற்கும் ஒரு கை வேண்டும். சனிக்கிழமையும் காலை ஆறு மணிக்கு நிற்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லும் நிலையில் நான் இருக்கவில்லை. மனைவிக்கும் அன்றைக்கு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. இந்தச் சனிக்கிழமைகளில்தான் எங்கள் மகன் கஜன் தன் கொலிஜ் அணிக்குக் கிரிக்கெட் விளையாடினான்.

இந்த நாட்டிலும் கொலிஜ் என்றால் உயர்தரப் பள்ளிக்கூடம்தான். கஜனுக்கு அப்போது பதினாறு வயது. முதல் வருஷம் ஒருநாள், "டாட், நீங்கள் வருவீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். அடுத்த கிழமை என்றேன். இப்படி ஆறேழு தடவை அடுத்த கிழமை என்று சொன்ன பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான். எனக்கு அது சௌகரியமாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஏனென்றால் எனக்கு யோகன் அண்ணை இருந்தார். நகரத்துச் சமூக வானொலி ஒன்றில் சனிக்கிழமை பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை தமிழுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். கலையகத்தில் இருப்பது மீனா என்ற மதுரைப் பிள்ளை. பாட்டுப் போடுவாள், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வாள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் யோகன் அண்ணை மைதானத்திலிருந்து கைத்தொலைபேசியில் வருவார். கிழமை நாட்களில் குளிர்க் களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதர். சனிக்கிழமை வந்தால் வெள்ளைச் சேர்ட், மடக்குக் கதிரை, தேத்தண்ணீர்ப் போத்தல். ஊரில் கொலிஜ் மட்ச்சுகளுக்கு ஒலிபெருக்கி பிடித்த வாய். தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் விளையாடுகிறார்கள், தாய் தகப்பன் எல்லோரும் வேலையில் நிற்கிறார்கள் என்று கண்டதும் அவரே போய் வானொலியில் இடம் கேட்டு வாங்கியிருக்கிறார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

"யோகன் அண்ணா, மேட்ச் எப்படிப் போயிட்டிருக்கு?" என்று மீனா கேட்பாள்.

"வணக்கம் தங்கச்சி, வணக்கம் நேயர்களே. வானம் மேகமூட்டமாகக் காணப்படுகிறது. துடுப்பெடுத்தாட வருகிறார்..." என்று செந்தமிழில் தொடங்குவார். ஆட்டம் சூடு பிடித்ததும் செந்தமிழ் கழன்று விழுந்துவிடும். "ஐயோ பொடியா, உந்தப் பந்தை ஏன் அடிச்சனி" என்று கத்துவார். "அண்ணா, ஏர்ல இருக்கோம்" என்பாள் மீனா. "ஓம் ஓம், மன்னிக்கவும் நேயர்களே."

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பிள்ளையையும் வெறும் பெயரால் சொல்லமாட்டார். தாயோ தகப்பனோ அந்த நேரத்தில் எங்கே வேலையில் நிற்கிறார் என்று சொல்லித்தான் பெயருக்கு வருவார். "இப்ப விமான நிலையத்தில டாக்ஸியோட காவல் நிக்கிறவற்ற மகன்." "வார்ட்டில ஊசி போட்டுக்கொண்டு நிக்கிற அக்காவின்ர மகன்." கஜன் எப்போதும் பாண்காரற்ற மகன் கஜன். தொழிற்சாலையில் என் பெயரை ஒருவராலும் முழுசாகச் சொல்ல முடியாது. மேற்பார்வையாளர் என் பெயரில் முதல் எழுத்து இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிட்டார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு நான் பாண்காரர் ஆவேன், நகரம் முழுக்கக் கேட்கும். உண்மையைச் சொன்னால் கணக்குப் பரிசோதகன் என்றபோது கூட எனக்கு அப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

இன்னொரு வழக்கம், அவர் வாயில் பூச்சியம் வராது. தமிழ்ப் பிள்ளை ஒருவன் ஓட்டம் எடுக்காமல் ஆட்டமிழந்தால் யோகன் அண்ணை சட்டென்று கடற்காகங்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார். "மைதானத்தின் நடுவில் சில பறவைகள் வந்து இறங்கியிருக்கின்றன, மிக வடிவாக இருக்கின்றன." அவ்வளவுதான், ஆஸ்பத்திரியிலும் டாக்ஸியிலும் பாண் தொழிற்சாலையிலும் நிற்கிற நாங்கள் எல்லாம் யாருடைய பிள்ளை என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். கோயிலில் கண்டால், "என்ன, போன கிழமை உங்கட பக்கம் பறவையாம்?" என்று ஒருவரை ஒருவர் நக்கலடிப்போம்.

வேலையிடத்தில் வானொலி சியோனே என்ற டொங்கா நாட்டுக்காரனுடையது. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. மற்ற நேரமெல்லாம் தேவாலயப் பாட்டுகள்; பதினொரு மணிக்கு அவனே எழும்பிப்போய் எங்கள் நிலையத்துக்குத் திருப்பிவிடுவான். ஒரு சொல் விளங்காது. கஜன் என்ற பெயர் வந்தால் மட்டும் பாண் தட்டைத் தட்டி எனக்குக் கட்டை விரலைக் காட்டுவான்.

வீட்டுக்கு வந்ததும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன். "அந்த ரெண்டாவது பவுண்டரி, முழங்காலை மடிச்சு அடிச்சாய் பார், அது அடி" என்பேன், நேரில் பார்த்தவன் மாதிரி. ஒருநாள் கஜன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னான், "நீங்கள் அங்கே இருக்கவில்லையே, டாட்." குரலை உயர்த்தவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடுத்த கிழமையும் அதையே செய்தேன்.

இரண்டாம் வருஷம் தொடங்கியபோது மூன்று சனிக்கிழமை தொடர்ந்து கடற்காகங்கள் வந்தன, மூன்றும் கஜனுக்கு. நான் வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் கிழமை பறவைகளைக் காணோம். "இதோ பாண்காரற்ற மகன் கஜன் மைதானத்துக்குள்ள ஓடுறான், என்ன கால் பாருங்கோ" என்றார் யோகன் அண்ணை. எனக்கு உயிர் வந்தது. அதற்கடுத்த கிழமைகளிலும் அப்படித்தான். "எல்லைக்கோட்டில் கஜன், ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்கிறான்." "கஜன் மறுபடியும் ஓடுகிறான், களைத்தவர்கள் எல்லாம் அவனைத்தான் பார்க்கிறார்கள்." பொடியன் களத்தடுப்பில் முன்னேறிவிட்டான் என்று நான் சியோனேக்கு விளங்கப்படுத்தினேன்.

"உன் மகன் எப்போதும் ஃபீல்டிங்தானா?" என்று கேட்டான் அவன்.

"அதுதான் கஷ்டமான வேலை" என்றேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை பத்தரை மணிக்குத் தொழிற்சாலையில் பாண் வரும் பட்டி அறுந்தது. திருத்த ஆள் வர மாலையாகும், வீட்டுக்குப் போங்கள் என்றுவிட்டார்கள். சியோனே தன் வான் வண்டியில் என்னை ஏற்றினான். "வீட்டுக்கா?" என்று கேட்டான். நான் மைதானத்தின் பெயரைச் சொன்னேன். என் வாயிலிருந்து அது வந்தது எனக்கே ஆச்சரியம். மடியில் இரண்டு சூடான பாண்.

வானிலும் அதே நிலையம். நாங்கள் மைதானத்து ஓரத்தில் நிறுத்தும்போது யோகன் அண்ணையின் குரல் போய்க்கொண்டிருந்தது. முன் கண்ணாடிக்குள்ளால் அவரையும் கண்டேன், மடக்குக் கதிரையில், காதில் தொலைபேசி, முதுகு எங்கள் பக்கம். "இதோ பாண்காரற்ற மகன் ஓடுறான்" என்றது வானொலி. நான் பார்த்தேன். வெள்ளை உடுப்புக்கு மேல் ஒரு மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் தண்ணீர்ப் போத்தல் கூடையோடு, என் மகன் ஓடிக்கொண்டிருந்தான்.

சியோனே வானொலியைக் குறைத்தான். "நல்ல வேகம்" என்றான்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். சத்தம் கேட்டு யோகன் அண்ணை திரும்பினார். அந்த மனிதர் பேச்சில்லாமல் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வானுக்குள்ளிருந்து மீனாவின் குரல் மெல்லமாக வந்தது. "யோகன் அண்ணா? லைன்ல இருக்கீங்களா? கேக்குதா?"

"கேக்குது தங்கச்சி" என்றார் அவர். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நேயர்களே, ஒரு சின்ன அறிவித்தல். இண்டைக்குப் பாண்காரர் மைதானத்துக்கு வந்திருக்கிறார். தங்கச்சி, ஒரு பாட்டைப் போடுங்கோ."

பாட்டுப் போகும்போது நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "எத்தினை கிழமை? என்னை விசரனாக்கினீங்களே அண்ணை" என்றேன்.

"நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை ஐசே. ஓடுறான் எண்டு சொன்னன். ஓடினவன்தானே?"

"அணியில இல்லை எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் தொலைபேசியைச் சேர்ட்டுப் பையில் வைத்தார். "உம்மட பொடியன் என்னட்டை வந்து கேட்டவன். அங்கிள், அப்பா வேலையில நிண்டு கேட்டுக்கொண்டிருப்பார், என்ர பேர் வராட்டி அவருக்கு அந்தச் சனிக்கிழமை சரிவராது, எப்படியாவது ஒருக்காச் சொல்லுங்கோ எண்டு. தமிழிலதான் கேட்டவன்."

வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆங்கிலத்தில் கேட்கிற பிள்ளை. எத்தனை சொல்லைத் தேடிப் பொறுக்கியிருப்பான் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. யோகன் அண்ணை தேத்தண்ணீர்ப் போத்தலைத் திறந்து எனக்கு ஊற்றித் தந்துவிட்டு, பாட்டு முடிகிறது என்று மறுபடியும் தொலைபேசியை எடுத்தார்.

கஜன் வெறும் கூடையோடு திரும்பி வரும்போது என்னைக் கண்டான். நடை நின்றுவிட்டது. ஏசப் போகிறேன் என்று நினைத்திருப்பான்.

"பட்டி அறுந்து போச்சு. அதுதான் வந்தனான்" என்றேன்.

ஒரு போத்தலை எடுத்து எனக்கு நீட்டினான். இரண்டு பேரும் புல்லில் இருந்தோம். நான் கொண்டுபோன பாணைப் பிய்த்து வெறுமனே தின்றோம், சியோனேயும் வந்து பாதிப் பாணைத் தனியாக முடித்தான். "நல்லா ஓடுறாய்" என்றேன். நக்கலோ என்று என் முகத்தைப் பார்த்தான். இல்லை என்று கண்டதும் சிரித்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமைக்கு நான் லீவு கேட்டு வாங்கினேன், வேலைக்குச் சேர்ந்து முதல் தடவையாக. அன்றைக்கு ஒக்லாந்து மழை தெரியும்தானே, விடியற்காலையிலிருந்து விடவே இல்லை, ஆட்டம் நடக்கவில்லை. அதற்கடுத்த கிழமை எனக்கு மறுபடியும் வேலை, அதோடு கிரிக்கெட் பருவம் முடிந்தது. பிறகு சோதனை, படிப்பு என்று கஜன் துடுப்பைத் தொடவில்லை. இப்போது எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் வேலை. என்ன வேலை என்று மூன்று தடவை விளங்கப்படுத்திவிட்டான். நாலாம் தடவை கேட்க எனக்கு வெட்கம்.

வானொலியின் தமிழ் நேரத்தை முதலில் ஒரு மணியாகக் குறைத்தார்கள், பிறகு அதுவும் இல்லை. மீனா கல்யாணம் கட்டி மெல்பர்னுக்குப் போய்விட்டாள். பாண் தொழிற்சாலை இருந்த இடத்தில் ஆட்கள் தங்கள் பழைய தளபாடங்களைப் பூட்டி வைக்கும் கொட்டகைகள் நிற்கின்றன. யோகன் அண்ணை போன குளிர்காலத்துக்கு முதல் குளிர்காலம் தவறிவிட்டார். அவர் குரலை ஒருவரும் பதிந்து வைக்கவில்லை. நேரே தொலைபேசியில் வந்து நேரே காற்றோடு போனது. அப்போது யாருக்குத் தோன்றியது.

செத்த வீட்டுக்குக் கஜன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஏறினோம். பிறகு, "அப்பா" என்றான். டாட் என்று சொல்லவில்லை. "அவர் என்னைப் பற்றி என்ன சொல்லுறவர்?"

"உனக்குத் தெரியாதோ?"

"எப்பிடித் தெரியும்? நான் கிரவுண்டிலதானே நிண்டனான். ஒருநாளும் கேட்டதில்லை."

இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. நகரம் முழுக்கக் கேட்ட குரலை அவன் ஒருவன் கேட்கவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வணக்கம் நேயர்களே என்று தொடங்கினேன். குரல் வரவில்லை, அந்தக் குரல் யாருக்கு வரும். சொற்கள் மட்டும் வரிசையாக வந்தன. முதல் வருஷத்து இரண்டாவது ஆட்டம். எதிர்ப்பக்கத்து நெட்டைப் பந்துவீச்சாளன். பின்காலில் நின்று வெட்டிய பந்து, மரங்களுக்குள் போய் விழுந்தது.

"பேந்து என்ன நடந்தது?" என்றான்.

எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழி கடந்து போனது. அவன் திருப்பவில்லை. கண்ணால் ஒருநாளும் காணாத அந்த அடிகளை, அடித்தவனுக்கு நான் சொல்லிக்கொண்டே போனேன்.