அப்பா நம்பிய சங்கீதம்

என் அக்காமார் இருவரையும் நான் பார்த்ததில்லை. பெரியவள் தபீத்தாள், சின்னவள் சலோமி. பெங்களூருக்கு முதன்முதலாகப் பிளேக் வந்த 1898-ஆம் வருஷம் இருவரும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பிறந்தவள் நான். அப்பாவைப் பற்றி நான் சொல்லப்போவதில் கொஞ்சம் நானே கண்டது. மீதி அம்மா சொன்னது.

அப்பா பெயர் தியோடர். பட்டாளம் இருந்த தண்டுப் பகுதியின் ரயில் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. அல்சூர் ஏரியை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் சந்துக் கோடியில் இருந்த சின்ன ஜெபவீட்டில் அவர் பிரசங்கம் செய்வார். சம்பளம் வாங்கும் உபதேசியார் இல்லை. ஆனாலும் அவர் பேச்சைக் கேட்கத்தான் அங்கே கூட்டம் வரும்.

வேதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே செய்துவிட வேண்டும் அவருக்கு. ஒருமுறை பார்சல் ஆபீசில் குடித்துவிட்டு வந்த ஒரு சுமைக்கூலி, பெட்டி மாறிப்போன கோபத்தில் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டான். அப்பா மறு கன்னத்தைக் காட்டினார். அவன் அதிலும் அறைந்தான். இரண்டு பக்கமும் வீங்கிப்போய் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து அம்மா பதறினாள். அப்பாவுக்கோ சிரிப்பு தாங்கவில்லை. "மூணாவது கன்னத்துக்கு வேதத்துல ஒண்ணும் சொல்லல ஜூடித், அதான் ஓடி வந்துட்டேன்" என்றாராம். அப்படிப்பட்ட மனிதரைத்தான் அம்மா கட்டிக்கொண்டாள். அந்த நாட்களில் அவரைப் பற்றி அவளுக்குப் பெருமைதான்.

பிளேக் வந்தது. ரயிலில் வந்தது என்றார்கள். முதலில் எலிகள் செத்தன, பிறகு மனிதர்கள். வீடுகளின் கூரை ஓடுகளைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டார்கள். சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். பாதி சந்து காலியாகிவிட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் டாக்டர்கள் மேஜை போட்டு உட்கார்ந்து பிளேக் ஊசி குத்தினார்கள். அந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடும் என்று பாதி ஊர் பயந்தது. அப்பாவுக்கு அந்தப் பயம் இல்லை. அவருக்கு வேறு காரணம் இருந்தது.

தினமும் சாயங்காலம் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் வேதத்திலிருந்து தொண்ணூற்றோராம் சங்கீதத்தை வாசிப்பார். பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் கொள்ளைநோய் உன் கூடாரத்தை அணுகாது என்கிற சங்கீதம். சலோமிக்கு அப்போது நாலு வயசு. அர்த்தம் புரியாமலே அவளும் கூடச் சொல்வாள்.

"ஏங்க, பிள்ளைங்களுக்காவது ஊசி போட்டுடலாம். எதிர் வீட்டுல எல்லாரும் போட்டுக்கினாங்க" என்றாள் அம்மா.

"கூடாரத்தை அணுகாதுன்னு சொன்னவர் பொய் சொல்வாரா?"

"அவர் பொய் சொல்றார்னு நான் சொல்லல. ஊசியும் அவர் குடுத்ததுதானேன்னு சொல்றேன்."

"ஒரு கையில வாக்குத்தத்தம், இன்னொரு கையில ஊசி. அப்படிப்பட்ட விசுவாசம் எனக்கு வேணாம் ஜூடித்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டிலும் அப்பா அதையே பிரசங்கித்தார். முன்வரிசையில் கிளாரன்ஸ் மாமா உட்கார்ந்திருந்தார். பட்டாளத்து பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறவர். மறுநாள் மனைவியை ஊசிக்கு அழைத்துப்போவதாக இருந்தவர், பிரசங்கம் கேட்டபின் போகவில்லை.

முதலில் தபீத்தாளுக்குக் காய்ச்சல் கண்டது. தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. சுகாதார ஆட்கள் வந்து எல்லோரையும் ஊருக்கு வெளியே பிளேக் கேம்புக்குக் கொண்டுபோனார்கள். நோயாளியோடு ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். அம்மா இருந்தாள். அப்பாவையும் சலோமியையும் வேலிக்கு மறுபக்கம், நோய் இன்னும் காணாதவர்களின் கீற்றுக் கொட்டகையில் வைத்தார்கள். இரண்டாம் நாள் சலோமியையும் தூக்கி அம்மாவிடம் கொண்டுவந்தார்கள். அவள் காய்ச்சலில் அந்தச் சங்கீதத்தை மழலையில் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அம்மா என்னிடம் ஒரே ஒருமுறைதான் அதைச் சொன்னாள். மறுபடி சொல்லச்சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு மத்தியானம் அம்மா வேலியருகே வந்து நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தார்.

"பெரியவ போயிட்டா" என்றாள்.

"சின்னவ?"

"மூச்சு இருக்கு."

அப்பா அங்கேயே சேற்றில் முழங்கால் போட்டார். கைகூப்பினார்.

"வேணாம்" என்றாள் அம்மா. "நீங்க ஜெபம் பண்ணாதீங்க. பண்ணின வரைக்கும் போதும்."

பொழுது சாய்வதற்குள் சலோமியும் போய்விட்டாள். அதே வாரத்தில் கிளாரன்ஸ் மாமாவின் மனைவியும் இறந்தாள்.

கேம்பிலிருந்து திரும்பிய வீட்டில் சுவர்கள் வெள்ளையாக இருந்தன. சாமான்களில் பாதியை எரித்திருந்தார்கள். சபையார் வந்து, கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்று ஆறுதல் சொன்னார்கள். அப்பா வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். வேதத்தைத் தொடவில்லை. பிரசங்கத்துக்கும் போகவில்லை.

அம்மா வேலூரில் மிஷன் போர்டிங்கில் படித்தவள். கேம்பில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் அவள் வேதத்தில் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். அதை மாதக்கணக்கில் மனசுக்குள் வைத்திருந்தாள். ஒருநாள் சாயங்காலம், அப்பா காபி குடித்து முடித்ததும், வேதத்தை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். மத்தேயுவின் நாலாம் அதிகாரத்தைத் திறந்து உரக்க வாசித்தாள். வனாந்தரத்தில் இயேசுவைப் பிசாசு சோதிக்கிற இடம். ஆலயத்து உப்பரிகையில் அவரை நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் உன்னைக் கைகளில் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான்.

அப்பா நிமிர்ந்தார். "நிறுத்து" என்றார். "அது அந்தச் சங்கீதம்."

"ஆமாம். அதேதான். அவனுக்கும் அது மனப்பாடம்."

அம்மா நிறுத்தவில்லை. தேவனைச் சோதிக்காதே என்று இயேசு சொன்ன பதிலையும் வாசித்து முடித்தாள். அப்பா எழுந்து பின்கட்டுக்குப் போனார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அழுகை. பிள்ளைகளை அடக்கம் பண்ணிய அன்றுகூட அவர் அழவில்லை. அம்மா வேதத்தை மூடிவைத்துவிட்டு, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குத்தவேண்டும் என்றுதான் வாசித்தாள். குத்தியபின் அவள் வேதனை ஒன்றும் குறையவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா ஜெபவீட்டுக்குப் போனார். காணிக்கைத் தட்டு அவரிடம் வந்தபோது அதை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து வெளியே நடந்தார். உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை இருந்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்ற வார்த்தை அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கவேண்டும். நேரே கிளாரன்ஸ் மாமா வீட்டுக்குப் போனார். மாமா வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிடவில்லை.

"என் பேச்சைக் கேட்டுத்தான் நீ ஊசிக்குப் போகல. உன் சம்சாரத்தை நான்தான் கொன்னேன்" என்றார் அப்பா.

மாமா கதவை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மன்னிச்சேன்னு சொல்லணும். சொல்லிட்டேன்னு வச்சுக்கோங்க அண்ணே. ஆனா என் வீட்டுப் பக்கம் வராதீங்க. உங்க குரலைக் கேட்டா அன்னிக்குப் பிரசங்கம்தான் காதுல வருது."

அப்பா அதன்பின் அந்தத் தெருவில் நடந்ததில்லை. பிரசங்கமும் செய்ததில்லை.

ஆனால் பிளேக் அடுத்த வருஷமும் வந்தது, அதற்கடுத்த வருஷமும் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஊசி வரிசையில் அப்பா முதல் ஆளாக நின்றார். வேலை முடிந்ததும் அல்சூர் சந்துகளில் வீடு வீடாகப் போவார். பின்வந்த வருஷங்களில் இதை நான் கண்ணால் கண்டேன். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு போனவள் நான். ஒவ்வொரு வாசலிலும் அவர் சொன்னது ஒன்றே: "ஊசி வேணாம்னு சொன்னவன் நான். எனக்கு ரெண்டு பெண் பிள்ளைங்க இருந்தாங்க. இப்ப இல்ல. நீங்க போட்டுக்குங்க." சிலர் போனார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். மார்க்கெட்டுப் பக்கம் காய் விற்கிற ஒருவர், "ஏன், உங்க சாமி காப்பாத்தலையா?" என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அப்பா, "அவரை நான் சோதிச்சேங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். என் கையை மட்டும் வலிக்கிற மாதிரி இறுக்கினார்.

வீட்டில் அவர் சத்தமாக ஜெபித்ததே இல்லை. சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பது அம்மா. எனக்கு ஏழு வயதிருக்கும்போது கடும் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், ஆனால் வீட்டில் யாருக்கு அது சாதாரணம்? அப்பா அறைவாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் அவரவர் அப்பா தலையில் கைவைத்து ஜெபிப்பதை நான் பார்த்திருக்கிறேன். "அப்பா, எனக்கு ஜெபம் பண்ணுங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா என் நெற்றியில் ஈரத்துணியை மடித்து வைத்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரமோ. பிறகு, "பண்ணுங்க" என்றாள்.

அவர் வந்து மண்டியிட்டார். கையை என் தலைக்குமேல் கொண்டுவந்தார், ஆனால் வைக்கவில்லை. "ஆண்டவரே" என்றார். அதற்கப்புறம் வார்த்தை வரவில்லை. மறுபடி "ஆண்டவரே" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்து என் தலையில் வைத்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அன்று நினைத்தேன். அப்படி இல்லை. கிறிஸ்மஸுக்குப் புதுத்துணி தைக்கிற வாரத்தில் அம்மா அவரோடு பேசமாட்டாள். பெரியவளுக்கு இந்த வருஷம் கல்யாண வயசு என்று யாராவது கணக்குச் சொல்லிவிட்டால் போதும், அம்மா அவர் முன்னால் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்விடுவாள். பெரிய பெண்ணான பிறகு ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளிடம், "அப்பாவை மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"காலையில மன்னிப்பேன். சாயங்காலம் பார்த்தா மறுபடி மன்னிக்க வேண்டியிருக்கும்" என்றாள். "ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு இயேசு பேதுருகிட்ட சொன்னாரே. ஏழெழுபது தப்புக்குன்னு நினைச்சுக்கினு இருந்தேன். இல்ல. ஒரே தப்புக்கு."

1918-இல் விஷக்காய்ச்சல் பரவியபோது அப்பா மறுபடி கிளம்பினார். தாய் தகப்பன் படுத்துவிட்ட வீடுகளில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். தூக்க ஆளில்லாத பிணங்களைத் தூக்கினார். அம்மா தடுக்கவில்லை. ஒருநாள் காலையில் வேலைக்குப் போகச் சட்டை மாட்டியவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் நாளே மூச்சுத் திணறியது.

அம்மா பக்கத்தில் இருந்தாள். நான் காலடியில் இருந்தேன். அவர் பயந்திருந்தார். சாவுக்கு இல்லை.

"பிள்ளைங்களைப் பார்க்கணுமே ஜூடித்" என்றார். "என்னன்னு சொல்லுவேன்? மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க."

"திருப்பிக்க மாட்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பெத்தவ. எனக்குத் தெரியாதா? சலோமி நேரா ஓடி வந்து உங்க மீசையைத்தான் பிடிச்சு இழுப்பா. பெரியவதான் கொஞ்சம் யோசிச்சு வருவா. நீங்க பேசாம நில்லுங்க, அவளே வருவா."

அப்பா கேட்டாரா என்று தெரியவில்லை. கண் திறந்திருந்தது. அம்மா சொல்லிக்கொண்டே போனாள். எந்தப் பாவாடை, எந்த ரிப்பன், யார் எந்தக் கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்றெல்லாம் சொன்னாள். மூச்சு நின்றதை நான்தான் முதலில் கவனித்தேன். அம்மாவிடம் உடனே சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.