டிராம்போலினை மிதிக்க வந்த அக்கா

இன்று கஞ்சிக்கோட்டில் ஃபேக்டரி லீவு. வாளையார் டேம் கரையில் கிடக்கும் எங்கள் சின்ன கேட்டமரான் படகின் டிராம்போலினை இறுக்கப் போனேன். இரண்டு மிதவைகளுக்கும் நடுவே, உட்காருவதற்காகக் கயிறு கோத்துக் கட்டும் வலைத்துணி அது.

ஒருவர் ஏறி மிதிக்க வேண்டும், இன்னொருவர் கயிற்றை இழுக்க வேண்டும். மிதிப்பது என் மனைவி கௌசியின் வேலை. அவள் இறந்த பிறகு இன்றுதான் படகைத் தொடுகிறேன். அவள் உட்காரும் இடம் மட்டும் இன்னும் குழிந்திருந்தது.

அங்கே ஆடு மேய்க்கும் அக்கா வந்தார்.

"ஏனுங்க தம்பி, அம்மிணியக் காணமுங்க?"

"அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருக்குதுங்கக்கா." வாய் தானாகச் சொன்னது.

"விசேசங்களா?" என்று சிரித்தார்.

தலையாட்டிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நானே மிதிக்கறனுங்க, நீங்க இழுங்க" என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். "கயித்துக் கட்டிலாட்டவே இருக்குது. புள்ள பொறந்தா இதுலயே தூங்கிக்கும்!"

அவர் மிதிக்க மிதிக்க நான் இழுத்தேன். குழி போய்விட்டது. துணி பலகை மாதிரி ஆகிவிட்டது.

"ஞாயித்துக்கெழம அம்மிணியக் கூட்டிட்டு வாங்க. புளிப்பு மாங்கா கொண்டாறேன்."

"சரிங்கக்கா."

ஞாயிற்றுக்கிழமை அவர் மடியில் மாங்காயோடு நிற்பார். அவரிடம் என்ன சொல்லலாம் என்று யாராவது கமெண்டில் எழுதுங்கள். உண்மையைச் சொல் என்று மட்டும் எழுத வேண்டாம். அது எனக்கும் தெரியும்.