‘முடிந்தவை’க்கு ஒரு பூட்டு

பன்விலவிலிருந்து பஸ் பிடித்துக் கண்டிக்கு வரும் நிரஞ்சனிக்கு, மக்கீன் சேரின் மொழிபெயர்ப்புக் கந்தோரில் இது ஒன்பதாவது வருடம். சிங்களப் பிறப்புச் சான்றிதழைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ மாற்றி, முத்திரை குத்திக் கொடுக்கிற இடம். மூன்று கணினிகளுக்கும் பொதுவாக ‘முடிந்தவை’ என்றொரு கோப்புறை. சேர், சுதேஷ், நிரஞ்சனி, யாரும் அதற்குள் போய் எதையும் மாற்றலாம். சந்தைக்குக்கூட இதைவிட ஒழுங்கு உண்டு.

அங்கே எவரும் வெற்றுப் பக்கத்தில் தொடங்குவதில்லை. பழைய ஒருவரின் பத்திரத்தைத் திறந்து, விவரங்களை மாற்றி அச்சடிப்பார்கள். வேறு பெயரில் சேமிக்க மறந்தால் பழையவர் கதை அதோடு சரி.

அன்று காலை வடிவம்மா திரும்பி வந்தார். மகள் தர்ஷனாவின் அடையாள அட்டைக்காகப் போன வாரம் இங்கே கோப்புறையிலிருந்து அச்சடித்து வாங்கிய மொழிபெயர்ப்பின் இரண்டாம் பிரதியில் தகப்பன் பெயர் ஹுதைபா என்றிருந்தது. விண்ணப்பம் கொடுத்த இடத்தில் எல்லோர் முன்னாலும் யார் இந்த ஹுதைபா என்று கேட்டார்களாம். சொல்லிவிட்டுக் கதிரையில் தலை குனிந்து உட்கார்ந்தார். நிரஞ்சனிக்கு வெட்கமாக இருந்தது.

கோப்புறையின் அனுமதிப் பட்டியலைத் திறந்து மாற்றினாள். புதிதாகப் போடலாம், வாசிக்கலாம்; போட்டதை இனி யாரும் மாற்ற முடியாது.

சற்று நேரத்தில், பழைய பத்திரம் ஒன்றை மாற்ற முடியாமல் மக்கீன் எழுந்து வந்தார்.

“என்ட கந்தோர்ல எனக்கே பூட்டு போட்டீக்கீங்களா மகள்? தொறந்து வைங்க.”

“மாட்டேன் சேர்.”

சுதேஷின் கவனயீனத்துக்குத் தனக்கு ஏன் தண்டனை என்று சத்தம் போட்டார். நிரஞ்சனி தர்ஷனாவின் பத்திரத்தின் விவரத்தைத் திறந்து காட்டினாள். கடைசியாக மாற்றியவர்: நிரஞ்சனி.

“அழிச்சது நான்தான் சேர். வேற ஒருத்தருக்காக இதத் தொறந்து, தகப்பன் பேர மாத்துனதும் இதுலயே சேமிச்சிட்டேன். அதனாலதான் என் பேரையும் சேத்துப் பூட்டினேன். வேலைய விட்டு அனுப்புனாலும் இத தொறக்க மாட்டேன்.”

மக்கீன் பூட்டைத் திறக்கும் கடவுச்சொல் யாரிடம் என்று கேட்டார். தன்னிடம்தான் என்றாள். அப்படியானால் அதுவும் சரியில்லை என்றவர், புதிய கடவுச்சொல்லின் முதல் பாதியைத் தானே அடித்தார். அவள் சுவரைப் பார்த்து நின்றாள். மறு பாதியை அவள் அடித்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூலச் சான்றிதழைப் பார்த்து முதலிலிருந்து அடித்து, வடிவம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். தகப்பன் பெயர் செல்லப்பா என்றதும் வடிவம்மா நிமிர்ந்தார்.

“அவருதாங்க. இன்னொரு தடவ சத்தமா வாசிங்க.”