பெட்ரோல் மூடியில் சந்தனப் பொட்டு

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவங்களுக்கு இது புதுசில்லை. ஆனா போன வாரம் பட்ட பயம் இருக்கே... அப்பப்பா!

என் தங்கச்சி மலருக்கு நிறைமாசம். வளைகாப்பு முடிஞ்சு கள்ளக்குறிச்சியில எங்க வூட்ல இருக்க வேண்டியவ. "அவரு ஒண்டியா திண்டாடுவாரு"ன்னு கல்வராயன் மலைக்கே திரும்பிப் போயிட்டா. கரியாலூர் பக்கம், தார் ரோட்டுலேர்ந்து நல்லா உள்ளே தள்ளி, டூரிஸ்ட்டுங்களுக்கு ரூம் கட்டி வாடகைக்கு விடறார் அவ புருஷன் செல்வம். அவளைக் கையோட கூட்டிக்கினு வரத்தான் போனேன்.

போன நேரம் பாருங்க — காபி டம்ளரைக் கீழே வைக்கல, அவளுக்கு வலி எடுத்துடுச்சு.

ஆம்புலன்ஸுக்கு போன் போட்டோம். "தார் ரோடு வரைக்கும் வர்றோம். மழையில உள்ளே இறங்க முடியாது"ன்னாங்க. என் காரையும் நான் அங்கேயே விட்டுட்டுத்தான் சேத்துல நடந்து வந்திருந்தேன். அந்தச் சேத்துல நிறைமாசக்காரியை பைக்ல ஏத்த முடியுமா?

"ஏடிவி இருக்கு மச்சான்"ன்னார் செல்வம்.

நாலு குண்டுச் சக்கரம், பைக் மாதிரி ஹேண்டில் பார். டூரிஸ்ட்டுங்க ரவுண்டு அடிக்கிற வண்டி. ஆயுத பூஜை போட்டு, மழை பிடிச்சதும் தார்ப்பாயால மூடினதுதான். அப்புறம் யாரும் தொடவே இல்ல.

சாவியைத் திருகினா... 'டிக், டிக்'. அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் கயித்தைக் கையால இழுத்தும் பிடிக்கல.

தார்ப்பாயை முழுசா இழுத்துப் பார்த்தா, பூஜைக்குச் சுத்தின சீரியல் லைட் அப்படியே இருக்கு! ஒயரு நேரா பேட்டரியில. அது பாட்டுக்கு எரிஞ்சு எரிஞ்சு பேட்டரியைக் குடிச்சுத் தீர்த்திருக்கு.

"இன்னா மாப்ள இது?"ன்னு கத்திட்டேன். அவர் பைக்கை உருட்டிக்கினு வந்து, அதோட பேட்டரியிலேர்ந்து ஒயர் குடுத்து ஒரு வழியா ஸ்டார்ட் பண்ணார்.

அவர் முன்னால, மலர் நடுவுல, பின்னால கேரியர்ல நான். அவளைக் கட்டிப் பிடிச்சுக்கினு. ஒரு பக்கம் மண்மேடு, ஒரு பக்கம் பள்ளம். மூஞ்சி தெரியாத மூடுபனி. ஏத்தத்துல பாதி ஏறியிருப்போம் — வண்டி இருமிச்சு, குலுங்கிச்சு, நின்னே போச்சு. நின்னதோட விட்டுச்சா? பின்னால சறுக்க ஆரம்பிச்சது.

"மாப்ள, பிரேக்கு!"

செல்வம் பிரேக்கை அமுக்கி எப்படியோ நிறுத்திட்டார். செல்ஃப் எடுக்கல. ஸ்டார்ட்டர் கயித்தை இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கினே இருந்தார். பிடிச்சது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி செத்துடுச்சு.

"அண்ணே... முடியலண்ணே..." மலரோட நகம் என் கையில இறங்குது.

அப்ப என் மனசு ஓடின ஓட்டத்தைச் சொல்லவா? குழந்தை இங்கேயே பிறந்துட்டா? தொப்புள்கொடியை எதால அறுக்கறது? பாக்கெட்டைத் தடவினேன். கார் சாவிதான் இருந்தது. என் தங்கச்சி என் கண் முன்னாடியே செத்துடுவாளோன்னு நிஜமாவே நினைச்சேன்.

'பெட்ரோல் தீர்ந்திருக்குமோ'ன்னு டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸ்ஸ்... காத்தை உறிஞ்சுது. உள்ளே பார்த்தா பெட்ரோல் ததும்புது! மூடிட்டு, கயித்தை இழுத்தா உடனே ஸ்டார்ட். ஒரு வளைவு தாண்டினதும் மறுபடி ஆஃப். மறுபடி திறந்தேன். மறுபடி உஸ்ஸ்ஸ்.

என் மரமண்டைக்கே புரிஞ்சு போச்சு. மூடியில காத்து போக ஒரு பொடி ஓட்டை இருக்கும். மேலே காத்து போனாத்தான் கீழே பெட்ரோல் இறங்கும். அந்த ஓட்டை மேலேயே சந்தனம், நடுவுல குங்குமம், அழகா வட்டமா... காய்ஞ்சு கல்லாகிக் கிடக்கு.

"எவன்யா இங்க பொட்டு வெச்சது?"

"நான்தாண்ணே..." பல்லைக் கடிச்சுக்கினே சொல்றா மலர். "பார்க்க நெத்தி மாதிரி இருந்துச்சு..."

சிரிக்கறதா, அழறதா? அந்த வலியிலயும் அவளே தாலிச்செயின்ல மாட்டியிருந்த ஊக்கைக் கழட்டி நீட்டினா. சுரண்டினேன். குத்தினேன். ஊதினேன். அப்புறம் தார் ரோடு வர்ற வரைக்கும் வண்டி எங்கேயும் நிக்கல. ஆம்புலன்ஸ் காத்துக்கினு இருந்தது.

நாம வண்டிக்குப் பொட்டு வைப்போம், மாலை போடுவோம், எலுமிச்சம்பழம் நசுக்குவோம். ஆனா மூடி வெச்ச வண்டியை அப்பப்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமா? ஊஹூம். 'சாமி பார்த்துக்கும்.' பார்த்துக்கும்தான்... பேட்டரியை நாமதாங்க பார்க்கணும்.

பொண்ணு பிறந்திருக்கு. ரெண்டு பேரும் சுகம். டாக்டரம்மா வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா..."ன்னு ஆரம்பிச்சாங்க. அதுக்குள்ள உள்ளேர்ந்து யாரோ கூப்பிட, பாதியிலேயே போயிட்டாங்க.

மீதியை நான் போய்க் கேட்கல. கேட்கவும் மாட்டேன்.