ஏழாம் பக்கம்

போண்டா மடித்துத் தந்த தமிழ்ப் பேப்பரில் ‘தொடர்ச்சி ஏழாம் பக்கம்’ என்றிருந்தது.

என் சின்ன வயதில், பெங்களூர் மர்பி டவுன் படிப்பகத்தில் ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாகப் படிப்பார்கள். வீட்டுப் பங்குச் சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த அப்பாவும் பெரியப்பாவும் எதிரெதிர் பெஞ்சில் இருக்க, நான் மை வாசனைக்கடியில் உட்கார்ந்து, தாள்களின் சரசரப்பையும் மின்விசிறியின் கிறீச்சலையும் கேட்டுக்கொண்டிருப்பேன். செய்தி பாதியில் நின்றதும் அப்பா தொண்டையைச் செருமுவார்.

“ஏழாம் பக்கம் ஆச்சாண்ணா?”

“இந்தா. படிச்சிட்டுக் குடு.”

அன்றாடம் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

படிப்பகத்தை இடித்து, வேலைக்கு வரும் பிள்ளைகள் தங்க பிஜி விடுதி கட்டினார்கள். அப்பா வீட்டுக்கே பேப்பர் போடச் சொன்னார். எல்லாப் பக்கமும் அவர் கையிலேயே இருந்தது. இரண்டு தெரு தள்ளித் தன் அண்ணன் படுத்த படுக்கையாய்க் கிடந்ததைச் சாவு மேளம் கேட்டபிறகுதான் தெரிந்துகொண்டார்.