பயிற்சி என்று எழுதத் தயங்கிய நாள்

எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்கள். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் நான் வி.ஏ.ஓ. காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து போன். "நேவி ஆபீசர் ரெண்டு பேர் வாராங்கம்மா. முத்துராக்கு வீட்டக் காட்டிவிடுங்க."

முத்துராக்கு அண்ணன் வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே மகன் கார்த்திக் கடற்படையில் பைலட் பயிற்சியில் இருந்தவன், வயது இருபத்தைந்து. வந்த ஆபீசர்களுக்குத் தமிழ் தெரியாது. அதனால் வரப்பில் நின்று சொல்லவேண்டியது நானாகிவிட்டது. முந்தின நாள் பயிற்சிக்குக் கிளம்பிய விமானம் பாம்பனுக்குத் தெற்கே கடலில் விழுந்துவிட்டது. தங்கச்சிமடம் படகுக்காரர்கள் தேடி, அன்று காலையில் உடலை மீட்டிருந்தார்கள்.

என்ன வார்த்தையில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. "அவன் அம்மாட்ட நாஞ் சொல்லிக்கிறேன். எனக்கு முன்னாடி யாரும் போயிராதீக."

பிளெக்ஸ் போர்டு

மறுநாள் மதியம் உடல் வருவதாக ஏற்பாடு. அன்று சாயங்காலமே ஊர்த் தலைவர் என் ஆபீஸுக்கு வந்தார். "மேடம், போர்டு வைக்கணும். நாலு வரி எழுதிக் குடுங்க."

'பயிற்சி விமான விபத்தில்' என்று ஆரம்பித்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"சண்ட நடக்குற நேரத்துல பயிற்சின்னு போட்டா யாரு மதிப்பா? எதிரிய அழிச்சான்னு போடுங்க."

தயங்கினேன். பெற்றவர்களுக்கு ஆறுதலாகத்தானே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 'போர்க்களத்தில் எதிரிகளை அழித்து வீரமரணம்' என்று மாற்றிக் கொடுத்தேன்.

காலையில் பஸ் ஸ்டாப்பில் போர்டு கட்டியிருந்தது. முத்துராக்கு அண்ணன் அதன் கீழே நின்று இரண்டு தடவை படித்தார்.

"இத எழுதுனது யாரு?"

தலைவர் என்னைப் பார்த்தார். "நாந்தாண்ணே" என்றேன்.

"எம்மகன் யாரையும் அழிக்கலையேம்மா. பழகிக்கிட்டுத்தான இருந்தான். இன்னும் ரெண்டு மாசத்துல முடிஞ்சிரும்னு சொன்னான்."

"ஊருக்கே பெருமைதானண்ணே" என்றார் தலைவர்.

"அவன் பொய் பேசமாட்டான்யா. அவன் போட்டாவுக்குக் கீழ பொய்ய எழுதி வச்சா, அவனே சொன்னாப்புல ஆயிராது?"

எனக்குத் தலை நிமிரவில்லை. "என்ன எழுதணும், நீங்களே சொல்லுங்கண்ணே" என்றேன்.

"விமானம் ஓட்டப் பழகும்போது செத்துப்போனான்னு எழுது." மகன் போட்டோவைப் பார்த்து, "ஆசப்பட்டுத்தான் அந்த வேலைக்குப் போனான்னும் எழுது" என்றார்.

ஸ்கூட்டியில் போய், பிளெக்ஸ் கடையில் காத்திருந்து, அப்படியே எழுதிய புதுப் போர்டை நானே வாங்கிவந்தேன். பழையதை அவிழ்த்து இதைக் கட்டி முடிக்கவும் உடலைக் கொண்டுவந்த வண்டி வரவும் சரியாக இருந்தது. கூட வந்த ஆபீசர்தான் கார்த்திக்குக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்டைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டார். சொன்னேன். யார் எழுதியது என்றார். அவனுடைய அப்பா என்றேன். அவர் நேராகப் போய் முத்துராக்கு அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டார். பெட்டியைத் தூக்கும்போது முதலில் தோள் கொடுத்தவரும் அவர்தான்.

ரிட்டயர் ஆகும்வரை அதன்பின் எத்தனையோ இறப்பு விவரங்களை எழுதியிருக்கிறேன். எதையும் அந்த வீட்டாருக்கு வாசித்துக் காட்டாமல் அனுப்பியதில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களும் அப்படியே செய்யுங்கள். அவர்களுக்கு எது ஆறுதல் என்பதை ஆபீஸில் உட்கார்ந்து நாம் முடிவு செய்துவிடக் கூடாது.